பட்டறைக் கதவுக்கு மட்டும் பொட்டு

1

இங்கே மஸ்கட்டில், ஏசி இல்லாமல் தூங்கிப் பார்க்கலாமா என்று தோன்றுகிற வாரத்தில்தான் ஊரில் ஆயுத பூஜை வரும். நேற்று வந்தது. டைவிங் சென்டரில் நான் வேலை செய்யும் அறையின் கதவு நிலைக்கு மஞ்சள் பூசி, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். படகுக்காகக் காத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "கதவுக்கு மட்டும்தானா? உள்ளே இருக்கும் கருவிகளுக்கு இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். விவரம் தெரிந்த ஆள். இந்தியாவில் எங்கேயோ பூஜை பார்த்திருக்கிறார்.

"போன வருடம் கருவிகளுக்கும் வைத்தோம். போதும் என்று ஆகிவிட்டது" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். என் கையால் பூட்டிய ஒன்றைத்தான் வாயில் கடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. தெரிந்தவர்கள் என் முகத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்க்கிறார்கள்.

போன வருடத்துக் கதையை இங்கே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜைக்கு ஒரு மெஷினாவது துடைத்திருந்தால்தான் அது புரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

"ரெகுலேட்டர் சர்வீஸ் பண்றேன்" என்று நான் முதல்முறை போனில் சொன்னபோது, ஓசூரில் இருக்கும் என் சிநேகிதி நூர்ஜஹான், "ஃபேனுக்கா?" என்று கேட்டாள். பாதிப் பேர் அப்படித்தான் கேட்டார்கள். மீதிப் பேர், சமையல் கேஸ் சிலிண்டர் தலையில் மாட்டுவார்களே, அதுவா என்றார்கள். அவர்கள் சொன்னது கிட்டத்தட்ட சரி. சிலிண்டருக்குள் கேஸ் முட்டிக்கொண்டு நிற்கிறது. ரெகுலேட்டர் அதை அடக்கி, அடுப்புக்கு வேண்டிய அளவு மட்டும் விடுகிறது. கடலில் மூழ்குகிறவர் முதுகிலும் ஒரு சிலிண்டர். அதில் காற்றை அடித்து அடைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் நேராக வாய்க்கு வந்தால் மனுஷன் தாங்கமாட்டான். சிலிண்டரின் கழுத்தில் பூட்டுகிற பித்தளைக் கட்டி முதலில் வேகத்தைக் குறைக்கும். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் வரும். அதன் நுனியில் வாயில் கடித்துக்கொள்ளும் பகுதி. மூச்சு இழுத்தால் காற்று வரும், நிறுத்தினால் நிற்கும், விட்டால் குமிழியாக வெளியே போகும்.

உப்புத் தண்ணீர் எதையும் சும்மா விடாது. பித்தளையில் பச்சை பூக்கும், ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும், ஸ்பிரிங் சோம்பேறியாகும். வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, உலர்த்தி, ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டியபின் அழுத்தம் காட்டும் கேஜில் மாட்டி முள்ளைப் பார்க்க வேண்டும். முள் ஓர் இடத்தில் போய் நின்றுவிட்டால் சரி. நின்றது போல நின்று மெல்ல மேலே ஊர்ந்தால், உள்ளே எங்கேயோ அடைப்பு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

எனக்கு நீச்சல் தெரியாது. கல்லாவியில் பிறந்தவள். ஏரியில் முழங்கால் வரைக்கும் இறங்கியதே பெரிய விஷயம். இதைக் கேட்டு இங்கே பலர் ஆச்சரியப்படுகிறார்கள். மாத்திரை செய்கிறவருக்கெல்லாம் தலைவலி வந்தே ஆக வேண்டுமா என்று நான் கேட்பேன்.

3

ஓசூரில் நான் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இரண்டு கதவு தாண்டித்தான் எங்கள் அறைக்குப் போக வேண்டும். தலைக்குத் தொப்பி, மேலே வெள்ளைக் கோட்டு, பவுடர் போட்டுக்கொண்டு வரக்கூடாது. சுண்டுவிரல் நகத்தில் நாலைந்து அடங்கும் சக்கரங்களை ட்வீசரால் எடுத்து வைப்பது என் வேலை. நான் பூட்டியதைப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் நூர்ஜஹான் சரிபார்ப்பாள். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாங்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். பூட்டியவள் தன் வேலையைத் தானே பாஸ் போடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அதுதான்.

அவள் வேலை நேரத்தில் வாயே திறக்கமாட்டாள். சரியாக இருந்தால் தட்டில் நேராக வைப்பாள். இல்லையென்றால் கவிழ்த்து வைத்து என் பக்கம் தள்ளுவாள். என்ன கோளாறு என்று சொல்லவே மாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டே விட்டேன்.

"ஏன்டி, வாயைத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"சொன்னா நீ ஒரு பதில் சொல்லுவ. அதுக்கு நான் ஒண்ணு சொல்லணும். அதுக்குள்ள நாலு பீஸ் நிக்கும்" என்றாள். "கவுத்து வச்சுட்டா சண்டை இல்ல பாரு."

அன்றைக்கு அவள் டப்பாவில் இருந்த மாங்காய்த் தொக்கு முழுவதையும் நான் காலி செய்தேன். அதோடு சிநேகிதம் கெட்டியாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் மாதையன் வேறு மாதிரித் தொழிற்சாலையில் இருந்தார். குருபரப்பள்ளிக்காரர். தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் வேலை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அங்கே பார்க்க வேண்டும். மெஷினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, பனியன் துணியால் துடைத்து, கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவி முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்குவார்கள். பிறகு உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், ஆள் உயர வாழைக்கன்று, சாமந்தி மாலை. பூசணிக்காய் உடைத்த ரோட்டில் இரண்டு நாளைக்குச் சைக்கிள் வழுக்கும்.

எங்கள் அறைக்கு இதில் எதுவும் கிடையாது. ஒரு துகள் தூசு போனால் கடிகாரம் நின்றுவிடும் என்பதால் வெளிக்கதவின் நிலைக்கு ஒரு பொட்டு, அவ்வளவுதான். பொரியும் சுண்டலும் கேன்டீனில் கொடுப்பார்கள். கல்யாணமான புதிதில் நான் அவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"உங்க பிரஸ்ஸுக்கு மாலை எல்லாம் போடுறீங்க. என் ட்வீசருக்கு ஒரு பொட்டுகூட இல்ல."

சொன்னதை நான் அடுத்த வாரமே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

4

அவருடைய கம்பெனியில் ஷிஃப்ட் குறைந்தபோது ஏசி மெக்கானிக் வேலைக்கு மஸ்கட் வந்தார். இரண்டு வருடம் கழித்து நானும் மகள் திவ்யாவும் வந்தோம். டைவிங் சென்டரில் சிலிண்டருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்தது. ரிப்பேருக்காகத் துபாய்க்கு அனுப்ப ஒரு கூடை நிறைய ரெகுலேட்டர் கிடப்பதை அங்கே பார்த்துவிட்டு முதலாளி சயீதிடம் பேசியிருக்கிறார். தன் மனைவி இதைவிடச் சின்னச் சாமானை எல்லாம் பூட்டியவள் என்று.

சயீத் இந்த ஊர்க்காரர், பழைய முத்துக் குளிக்கும் குடும்பம், நன்றாக ஹிந்தி பேசுவார். எனக்கு ஹிந்தி அரைகுறை. ஆனால் கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு அதிகம் வேண்டாம். பழைய ரெகுலேட்டர் ஒன்றைக் கொடுத்தார். பிரித்தேன், வரிசையாக அடுக்கினேன், பூட்டினேன். அவரே காசு கொடுத்து, அதைத் தயாரிக்கிற கம்பெனி நடத்தும் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யார் தலையில் எண்ணெய்?" என்றார். ஆக்சிஜன் அதிகமாகச் சேர்த்த காற்றுக்குப் பயன்படும் ரெகுலேட்டர்களில் பச்சை வளையம் போட்டிருக்கும். அதன் பக்கம் எண்ணெய்க் கை போகவே கூடாது. அழுத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் தீப்பிடிக்கும். அன்றிலிருந்து, மறுநாள் வெள்ளி விடுமுறை என்பதால், எனக்கு வியாழன் சாயங்காலம் மட்டும்தான் தேங்காய் எண்ணெய். வேலை அறையில் எப்போதும் தலையில் துணி.

வேலை கிடைத்துவிட்டது. காகிதம் கிடைப்பதுதான் பெரும்பாடு. விசா டைப் அடித்துக் கொடுக்கும் மலையாளி, கம்ப்யூட்டரில் இருந்த தொழில்களின் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். நான் செய்கிற வேலை அதில் இல்லை. "சேச்சி முன்னே என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். சொன்னேன். 'கடிகாரம் பழுதுபார்ப்பவர்' என்று தட்டிவிட்டார். அடுத்த முறை குடியிருப்புக் கார்டைப் புதுப்பிக்கப் போனபோது கவுன்டரில் இருந்த அதிகாரி அதைப் படித்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார், ஓடவில்லை என்று. காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி" என்றேன். கார்டு உடனே வந்துவிட்டது.

மொழியும் இங்கே அப்படித்தான் ஏதோ ஒரு வழியில் ஓடுகிறது. எனக்குக் கோபம் வந்தால் மட்டும் கன்னடம் வரும். ஓசூரில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் தண்ணீர்ச் சண்டையெல்லாம் கன்னடத்தில்தான் நடக்கும், பழகிவிட்டது. ஒருநாள் காய்கறி கொண்டு வந்தவன் அழுகின தக்காளி கொடுத்தான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, தானும் மங்களூர்தான் என்றான்.

5

திவ்யாவுக்கு இப்போது பதினேழு வயது. வந்தபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இப்போது நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். காதில் எப்போதும் பாட்டு ஓடும் ஒயர். தலையில் எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால் பாம்பைக் கண்ட மாதிரி ஓடுவாள். பொரி வேண்டாம், சுண்டல் வேண்டாம், ஊருக்கு லீவில் போகலாம் என்றால் அதுவும் வேண்டாம். அங்கே பவர்கட், கொசு, எல்லோரும் வந்து என்ன மார்க் என்று கேட்கிறார்கள் என்பாள். பொய் இல்லைதான்.

அவளுக்குப் பிடித்த ஒரே இடம் கடல். சயீத் அவளுக்கு மூழ்கக் கற்றுக்கொடுத்தார். நான் கரையிலேயே நிற்பேன். நான் சர்வீஸ் செய்த ரெகுலேட்டரோடு அவள் உள்ளே போய்விடுவாள், தலை மறைந்துவிடும், குமிழி மட்டும் வரும். குமிழி வருகிற வரை எனக்கும் மூச்சு வரும். அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால், "அம்மா, ரிலாக்ஸ்" என்பாள்.

நூர்ஜஹான் கதைகளை அவள் முன்னால்தான் நான் அதிகம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறாளா என்று தெரியாது. ஒயர் காதில் இருக்கும். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன், பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில்.

6

போன வருடம் ஆயுத பூஜை விடுமுறை நாளிலேயே வந்தது. இங்கே வியாழனும் வெள்ளியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலையில் திவ்யாவுக்கு, மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் பயிற்சியில் கடைசித் தேர்வு. அவளோடு இன்னும் எட்டுப் பத்துப் பேர் ஆழத்துக்குப் போக வேண்டும். அதற்காக ஒரு டஜன் ரெகுலேட்டர் சர்வீஸ் முடித்து அலமாரியில் தொங்கவிட்டிருந்தேன். அதில் நான்கு பச்சை வளையம்.

வியாழன் காலையில் என் வீட்டுக்காரர், கம்ப்ரசருக்குப் பொட்டு வைத்துவிட்டு வருகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு போனார். நான் வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். மதியம் நானும் திவ்யாவும் போனோம். அவர் வாசலில் நின்றார், புது வேட்டி, முகமெல்லாம் சிரிப்பு. ரோட்டில் உடைத்தால் அபராதம் போடுவார்கள் என்று பூசணிக்காயைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே உடைத்து, பையை முடிச்சுப் போட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தார்.

"உள்ள போய்ப் பாரு" என்றார்.

பார்த்தேன். ஒரு டஜன் ரெகுலேட்டரும் மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பித்தளை ஒவ்வொன்றும் தங்கம் மாதிரி மின்னியது. நெற்றி மாதிரி இருக்கும் இடம் பார்த்துச் சந்தனம், குங்குமம். என் ட்வீசருக்குக்கூட நூல் சுற்றி ஒரு சாமந்திப்பூ. மேஜை ஓரத்தில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் புட்டி, பாதி காலியாக. பக்கத்தில் பனியன் துணி.

"அன்னிக்குக் கேட்டியே, உன் ட்வீசருக்கு ஒரு பொட்டுகூட இல்லன்னு. என்னாத்துக்கு நீ மட்டும் கதவோட நிக்கணும்?"

எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து எனக்கு இப்படி ஒன்று அவர் செய்ததில்லை. மறுகணமே பச்சை வளையம் போட்டவற்றின் மேல் கண் போனது. காற்று நுழையும் வாயின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார், விளிம்பு வரை துடைத்துப் பளபளப்பாக்குவதற்காக. அதன் உள்ளே இருக்கும் சல்லடையின் ஓரத்தில் சிவப்பாகக் குங்குமத் தூள்.

"ஏன்ரீ இது! ஏன் மாடிதீரி!" என்று கத்தினேன், என்ன செய்து வைத்தீர்கள் என்று.

திவ்யா காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள். அம்மா கன்னடத்தில் கத்தினால் விஷயம் பெரிது என்று அவளுக்குத் தெரியும்.

"வெளியதாம்மே துடைச்சேன். உள்ள ஒண்ணியும் போவல. இரு, துணியால துடைச்சுட்டா ஆச்சு" என்று அவர் கையை நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், "சயீத்கிட்ட சொல்லிக்கினு இருக்காத. துபாய்க்காரனுங்க சர்வீஸ் காண்ட்ராக்ட் கேட்டு ஏற்கெனவே அவர் பின்னாடி சுத்துறானுங்க. இது தெரிஞ்சா உன் மேஜையும் போச்சு, என் கம்ப்ரசரும் போச்சு."

"ஏங்க, உங்க கம்பெனியில கேஸ் வெல்டிங் செக்‌ஷன் இருந்துச்சுல்ல? ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்துல எண்ணெய்க் கையோட போவீங்களா?"

"போனா ஃபோர்மேன் வெட்டிப் போட்டுருவான். ஒருத்தனுக்குக் கையே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். மேஜையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நாளைக்கு இதில் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு ஆழத்தில் மூச்சு விடப்போவது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி அழுக்காகும் என்றுகூடப் பார்க்கவில்லை.

நான் சயீதுக்குப் போன் போட்டேன். யோசிக்கவில்லை. வேலை போனால் இன்னொரு வேலை. இந்தக் கை இருக்கிறது, எதையாவது பூட்டிப் பிழைத்துக்கொள்ளும்.

சயீத் வந்து, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "இது உங்கள் பண்டிகையா?" என்றார் ஹிந்தியில். ஆமாம் என்றேன். "எங்கள் அப்பாவும் புதுப் படகுக்கு ஆட்டு ரத்தம் தடவுவார். ஆனால் படகுக்கு வெளியே."

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நீயே பிரிப்பாய், நீயே பூட்டுவாய், சரியாக இருக்கிறது என்று நீயே சொல்வாய். சரியாக இருக்கிறது என்று எனக்கு யார் சொல்வது? துபாய்க்கே அனுப்பிவிடட்டுமா?"

கேள்வி நியாயமானது. ஓசூரில் எங்கள் அறையில் இருந்த சட்டமும் அதுதானே. இங்கே வந்த நாளிலிருந்து பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அப்போதுதான் திவ்யா பேசினாள்.

"நான் செக் பண்றேன். கேஜ் பார்க்கத் தெரியும். தண்ணில அமுக்கிப் பப்பிள் வருதான்னு பார்க்கத் தெரியும். நாளைக்கு நான்தானே போடப்போறேன்?"

அதையே ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னாள். சயீத் அவளையே பார்த்தார். "வெள்ளி சாயங்காலம் வரை நேரம்" என்று சொல்லிவிட்டு, காலைப் பயணத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றப் போனார்.

7

வேலையைப் பங்கு போட்டோம். நான் பிரித்தேன். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவினார். கழுவியதை, அதிர்ந்து அழுக்கை உதறும் தொட்டியில் நான் போட்டு எடுத்தேன். வருடத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ரப்பர் வளையம் எல்லாம் அன்றைக்கே தீர்ந்தது. அவர் ஒரு தடவைகூட டீ கேட்கவில்லை. வழக்கமாக வேலைக்கு நடுவில் பத்துத் தடவை டீ கேட்கிற மனிதர்.

நான் பூட்டிக் கேஜில் முள்ளைப் பார்த்து, திவ்யாவின் தட்டில் வைப்பேன். அவள் தனியாக இன்னொரு கேஜில் மாட்டுவாள். மாட்டிவிட்டு உடனே எடுக்கமாட்டாள். போய்ச் சுண்டல் டப்பாவைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், திரும்பி வந்து முள்ளைப் பார்ப்பாள். பிறகு தண்ணீரில் அமுக்குவாள். எல்லாம் நேராக வந்துகொண்டிருந்தன. வெள்ளி மதியம் கடைசி இரண்டு, பச்சை வளையம் போட்டவை. எனக்குத் தலை லேசாகியிருந்தது. சயீதுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வசனம்கூடப் போட்டுவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். தட்டில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

திவ்யா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. நூர்ஜஹானிடம் இருந்த அதே கல் முகம்.

சுர்ரென்று வந்தது எனக்கு. இவ்வளவு வருடம் செய்கிற வேலை, நேற்றுப் பிறந்தவள் என்னைக் கவிழ்த்து வைப்பதா? முள் நின்றதை நானே பார்த்தேனே! எடுத்துக் கேஜில் மாட்டினேன். முள் போய் நின்றது. 'பார்த்தாயா' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை, காத்திருந்தேன். கண் எரிகிற வரை காத்திருந்தபின், முள் எறும்பு போல மேலே ஊர்ந்தது.

பிரித்தேன். கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அடைப்பு உட்காரும் விளிம்பில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு வெள்ளை நூல். பனியன் துணியின் நூல். கழுவியும் போகாமல் ஒளிந்திருந்தது. ட்வீசர் நுனியில் எடுத்து என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்மாந்துண்டு நூலு" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

திரும்பக் கழுவி, திரும்பப் பூட்டி, தட்டில் வைத்தேன். திவ்யா மாட்டினாள். இந்த முறை எங்கேயும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு முள்ளின் எதிரிலேயே உட்கார்ந்தாள். அப்புறம் கழற்றி, தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, துடைத்து, தட்டில் நேராக வைத்தாள்.

"இதை நான் எடுத்துக்கிறேன்" என்றாள். "மத்தது எல்லாம் மத்தவங்களுக்கு."

"இன்னொண்ணு எடுத்துக்கயேன்டி."

"ஏன்? பாஸ் ஆயிடுச்சுல்ல?"

சாயங்காலம் படகு போய்ச் சற்றுத் தூரத்தில் நின்றது. நான் படகுத்துறைக் கல்லில் நின்றேன். ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் போனார்கள். குமிழிகள் வந்தன. எது அவளுடையது என்று அங்கிருந்து தெரியாது. நிற்க முடியாமல் நூர்ஜஹானுக்குப் போன் போட்டேன். போன் கார்டில் காசு கரைந்தால் கரையட்டும். ஓசூரில் அவள் வீட்டு வாசலில் பூசணிக்காய் வழுக்கி யாரோ விழுந்த சத்தம் கேட்டது. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கவுத்து வச்சாளா?" என்றாள் நூர்ஜஹான். "வாயைத் தொறக்கலயே?"

"தொறக்கல."

"அப்ப நீ போய் வேற வேலையைப் பாரு மல்லிகா. என் சீட்டுக்கு ஆள் வந்தாச்சு."

அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் ஒரு தலை வந்தது. கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தது. நலமாக இருக்கிறேன் என்பதற்கு அவர்கள் காட்டும் சைகை. என் மகள். போனை அணைக்கவும் மறந்து நின்றேன்.

கரைக்கு வந்து, சொட்டச் சொட்ட என் முன்னால் நின்று, ரெகுலேட்டரை என் கையில் கொடுத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"எல்லாம் ஓகேம்மா. ஆனா மூச்சு இழுக்கறப்ப லைட்டா தேங்காண்ண வாசனை."

அதைத் தூக்கி மூக்கில் வைத்து உறிஞ்சினேன். உப்பு வாசனைதான். மறுபடி உறிஞ்சினேன். உப்புதான். நிமிர்ந்தால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரும், முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு முதல்முறையாக.

"சும்மா சொன்னேம்மா! உன் வேலைல வாசனை வருமா?"

அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். இப்போது பள்ளி இல்லாத ஒவ்வொரு வியாழனும் என் பக்கத்து நாற்காலியில் அவள்தான் உட்காருகிறாள், காதில் ஒயரோடு. இந்த மாதம் இதுவரை எதுவும் கவிழவில்லை.